பேய் அல்ல, செம்பு!

அருப்புக்கோட்டையில் ஒரு தறிக்காரர் குடும்பத்தை நினைத்துக் கொள்ளுங்கள்.

தகப்பனார் நெசவு செய்கிறார். தாயார் ராட்டையில் தார் சுற்றுகிறார். மூத்த மகனுக்கு வயது 21. கெட்டிக்காரப் பையன். தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான்.

ஒரு நாள் அவன் கையில் இருந்த நூல் ஆடியது. அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட அவனால் முடியவில்லை.

"என்னடா, கை நடுங்குது?" என்று தகப்பனார் கேட்டார்.

"ஒண்ணும் இல்லப்பா. ராத்திரி தூக்கம் இல்ல" என்றான் மகன்.

அதோடு போகவில்லை. அவனுடைய குணமே மாறத் தொடங்கியது. ஒரு நாளும் கோபப்படாதவன், சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தான். தங்கையை அடித்தான். பிறகு மூலையில் உட்கார்ந்து தானாக அழுதான். காரணம் இல்லாமல் சிரித்தான். பேச்சு குழறியது. வாயில் எச்சில் வழிந்தது. கால் பின்னியது.

"குடித்துவிட்டு வந்திருக்கிறான்" என்றார்கள் சிலர். அவன் குடிக்கிற பையன் அல்ல.

"கண்மாய்க் கரைப் பக்கம் போனானே, அங்கே பயந்திருப்பான். பேய்தான் பிடிச்சிருக்கு" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

கோடாங்கி வந்தார். உடுக்கு அடித்தார். வேப்பிலையால் அடித்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். தாயாரின் தோடு அடகுக்குப் போனது. பையனுக்கு நடுக்கம் நிற்கவில்லை. கடைசியில் வீட்டுத் தூணில் கயிற்றைக் கட்டி, அதில் அவனைக் கட்டினார்கள்.

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால் இந்த வியாதி கற்பனை அல்ல. உலகம் முழுவதும் இருக்கிறது. நம் நாட்டிலும் இருக்கிறது. அதன் பெயர், வில்சன் வியாதி.

அந்தப் பையனைப் பிடித்தது பேய் அல்ல, செம்பு! ஆம். குடமும் அண்டாவும் செய்கிறோமே, அதே செம்புதான்.

உடம்பில் செம்பா?

எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் செம்பு உண்டு. அது தேவையும் கூட. கம்பு, சோளம், பருப்பு, கடலை எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் செம்பு இருக்கிறது. சாப்பாட்டோடு அது உள்ளே போகிறது. உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக் கொள்கிறது. மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தில் கலந்து, மலத்தோடு வெளியே தள்ளி விடுகிறது.

திருச்சுழிச் சீமையில் உள்ளவர்களுக்குக் கண்மாயைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியது இல்லை. வரத்துக் கால் வழியாகத் தண்ணீர் வரும். வயலுக்கு வேண்டியது மடை வழியாகப் போகும். நிறைந்து மிஞ்சிய தண்ணீர் கலுங்கு வழியாக வெளியே போகும். கலுங்கு அடைத்துக் கொண்டால் என்ன ஆகும்? தண்ணீர் ஏறிக் கொண்டே போகும். ஒரு நாள் கரை உடையும். ஊருக்குள் வெள்ளம் வரும்.

கல்லீரலும் ஒரு கண்மாய்தான். வில்சன் வியாதிக்காரர்களுக்குப் பிறவியிலேயே கலுங்கு அடைத்துக் கிடக்கிறது. தினமும் வரும் செம்பு கல்லீரலில் தேங்குகிறது. ஆண்டுக் கணக்கில் தேங்குகிறது. சிலருக்குக் கல்லீரலே கெட்டு, மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும் வருகின்றன. மற்றவர்களுக்குச் செம்பு கரையை உடைத்துக் கொண்டு ரத்தத்தில் கலக்கிறது. மூளைக்குப் போகிறது. கண்ணுக்குப் போகிறது.

மூளையில் கை கால் அசைவுகளை நடத்தும் பகுதியில் செம்பு படிந்தால் நடுக்கம், விறைப்பு, பேச்சுக் குழறல். மனதை நடத்தும் பகுதிகளும் பாதிக்கப்பட்டால் கோபம், சோகம், பயம், சந்தேகம், குணமாற்றம். பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்த பிள்ளை திடீரென்று படிப்பில் பின்தங்குவதும் உண்டு. சிலருக்கு நடுக்கம் வருவதற்கு முன்பே மனக் கோளாறு வந்து விடுகிறது. அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். "பைத்தியம்" என்று ஊர் முத்திரை குத்தி விடுகிறது.

இந்த வியாதி பெரும்பாலும் சிறு வயதில் அல்லது வாலிப வயதில் வெளிப்படுகிறது. கல்யாணம் பேசும் வயது. குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடும் வயது. அந்த வயதில் வந்து விழுகிறது.

யார் குற்றம்?

"மருமகள் வந்த நேரம் சரியில்லை" என்று சில வீடுகளில் சொல்வார்கள். "தாயின் பாவம்" என்பார்கள். இரண்டும் தவறு.

நம் உடம்பின் ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று தகப்பனிடம் இருந்து வந்தது. மற்றது தாயிடம் இருந்து வந்தது. செம்பை வெளியேற்றும் வேலைக்கும் இப்படி இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று கெட்டு, ஒன்று நல்லதாக இருந்தால் வியாதி வராது. அந்த ஆளுக்குத் தன்னிடம் கெட்ட பிரதி ஒன்று இருப்பதே தெரியாது.

அப்படிப்பட்ட ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக அமைந்தால்? அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிரதிகளும் கெட்டதாக வர 4-ல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. தாயும் தகப்பனும் சரிபாதி. ஒருவரை மட்டும் குறை சொல்ல வழியே இல்லை.

சாதாரணமாக 30 ஆயிரம் பேரில் ஒருவருக்கு இந்த வியாதி வரும் என்பது பழைய கணக்கு. அபூர்வ வியாதிதான். ஆனால் சொந்தத்தில் கல்யாணம் செய்தால் அபூர்வம் அவ்வளவு அபூர்வமாக இருப்பதில்லை. தாத்தாவிடம் இருந்த ஒரு கெட்ட பிரதி மகன் வழியாகவும் மகள் வழியாகவும் இறங்கி, பேரனும் பேத்தியும் மணம் செய்யும்போது மறுபடி ஒன்று சேரலாம். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று முறை பார்த்து முடிப்பது நம் பக்கத்து வழக்கம். இந்தியாவிலேயே சொந்தத்தில் கல்யாணம் அதிகமாக நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

பெங்களூரில் "நிம்ஹான்ஸ்" என்ற பெரிய மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே 30 ஆண்டுகளில் பார்த்த 282 வில்சன் வியாதிக்காரர்களைப் பற்றி டாக்டர் தளியும் அவருடன் பணியாற்றிய டாக்டர்களும் 2007-ம் ஆண்டில் எழுதினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் சொந்தத்தில் மணம் செய்த பெற்றோரின் பிள்ளைகள்.

அதற்காக, சொந்தத்தில் கட்டிய எல்லோரும் பயப்பட வேண்டும் என்பது இல்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களில் ஒன்றும் ஆவதில்லை. வீட்டில் ஒருவருக்கு இந்த வியாதி கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், அடுத்த கல்யாணத்தை முடிப்பதற்கு முன் டாக்டரைக் கேட்பது நல்லது.

செம்புக் குடத்தில் தண்ணீர் குடித்ததால் இந்த வியாதி வந்தது என்று சிலர் நினைப்பார்கள். அப்படி இல்லை. பிறவிக் குறைதான் காரணம். ஆனால் வியாதி உள்ளவர் செம்புப் பாத்திரத்துத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. ஆட்டு ஈரல், நண்டு, இறால், கொட்டைப் பருப்பு வகைகள், காளான் ஆகியவற்றில் செம்பு அதிகம். அவற்றையும் விலக்கச் சொல்வார்கள்.

கண்ணில் ஒரு வளையம்

யார் இந்த வில்சன்?

லண்டனில் இருந்த நரம்பு டாக்டர். முழுப் பெயர் கின்னியர் வில்சன். 1912-ம் ஆண்டில் இந்த வியாதியைப் பற்றி விவரமாக எழுதினார். மூளையும் கல்லீரலும் ஒரே நேரத்தில் கெடுகின்றன, இது ஒரே வியாதி என்று அவர்தான் உலகத்துக்குச் சொன்னார். ஏன் கெடுகின்றன என்பது அவருக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. வில்சன் எழுதுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1902-லும் 1903-லும், கெய்சர், பிளைஷர் என்ற இரண்டு ஜெர்மானியக் கண் டாக்டர்கள் சில நோயாளிகளின் கண்ணில் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருந்தார்கள். கருவிழியின் ஓரத்தைச் சுற்றி பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு வளையம்! மோதிரம் போட்டது போல இருந்தது. வில்சன் அந்த வளையத்தைக் கவனிக்கவே இல்லை.

அந்த வளையம் என்ன தெரியுமா? கண்ணில் படிந்த செம்பு.

செம்புதான் காரணம் என்பது 1948-ல் உறுதியாயிற்று. இறந்தவர்களின் மூளையையும் கல்லீரலையும் சோதித்து, அளவுக்கு மீறிய செம்பு இருப்பதைக் கமிங்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர் காட்டினார். பிறந்ததில் இருந்து செம்பு சேர்கிறது என்றால், அதை எடுத்து விட்டால் என்ன?

இரண்டாவது உலக யுத்தத்தில் விஷ வாயுவுக்கு மாற்று மருந்து ஒன்றை இங்கிலாந்தில் கண்டுபிடித்திருந்தார்கள். அதை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். செம்பு வெளியே வந்தது. ஆனால் ஊசி தாங்க முடியாத வலி. வாழ்நாள் முழுவதும் யார் போட்டுக் கொள்வது?

டாக்டர் தானே விழுங்கிய மாத்திரை

அப்போது வந்தார், ஜான் வால்ஷ் என்ற இங்கிலாந்து டாக்டர். பெனிசிலின் மருந்து சாப்பிட்ட கல்லீரல் நோயாளிகளின் சிறுநீரில் ஒரு பொருளை அவர் கண்டிருந்தார். பெனிசிலமின் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு வில்சன் நோயாளியைப் பார்த்தபோது அவருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை தோன்றியது. அந்தப் பொருள் செம்பைப் பிடித்து இழுத்துக் கொண்டு வெளியே போகும் அமைப்பில் இருக்கிறதே!

நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன் அதைத் தானே விழுங்கிப் பார்த்தார் வால்ஷ். ஒன்றும் ஆகவில்லை. பிறகு நோயாளிக்குக் கொடுத்தார். சிறுநீரில் செம்பு கொட்டியது. 1956-ல் உலகத்துக்கு அறிவித்தார். அதுவரை இந்த வியாதி வந்தால் சாவுதான். அதன் பிறகு வாழ்வு. வால்ஷ் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து, 2022-ல் காலமானார்.

பெனிசிலமின் இன்றும் கொடுக்கப்படுகிறது. துத்தநாக மாத்திரையும் உண்டு. அது குடலிலேயே செம்பைத் தடுத்து நிறுத்தி விடுகிறது. எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. மாத்திரை சாப்பிட்ட மறுநாளே நடுக்கம் நிற்காது. மாதக் கணக்கில் ஆகலாம். சிலருக்கு ஆரம்பத்தில் நடுக்கம் அதிகமாவதும் உண்டு. "மருந்து சேரவில்லை" என்று நிறுத்தி விடுகிறார்கள். வேறு சிலர், நன்றாக ஆன பிறகு, "இனி எதற்கு?" என்று நிறுத்தி விடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. கலுங்கு இன்னும் அடைத்துத்தானே கிடக்கிறது! மாத்திரையை நிறுத்தியவர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே இறந்து போனதை வால்ஷே எழுதியிருக்கிறார். ஆயுள் முழுவதும் மாத்திரை. இதுதான் விதி.

மனதை யார் பார்ப்பது?

நூல் பிடிக்கும் கை நின்று விட்டது என்று வைத்துக் கொள்வோம். மனம்?

இந்த இடத்தில்தான் பலர் கைவிடப்படுகிறார்கள். கல்லீரல் டாக்டர் கல்லீரலைப் பார்க்கிறார். நரம்பு டாக்டர் நடுக்கத்தைப் பார்க்கிறார். "மனசுக்கு எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்க யாரும் இல்லை. மன டாக்டரிடம் போனாலோ, செம்பு வியாதி அவருடைய நினைவுக்கு வராமல் போகலாம். அவர் ஆயுளில் இரண்டு மூன்று பேரைத்தான் பார்த்திருப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மன வியாதிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் வில்சன் வியாதிக்காரர்களுக்கு ஒத்துக் கொள்வதில்லை. விறைப்பும் நடுக்கமும் அதிகமாகி விடும். ஒத்துக் கொள்கிற மாத்திரைகளும் இருக்கின்றன. எனவே, மன டாக்டரும் நரம்பு டாக்டரும் ஒரே நோயாளியைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக் கொள்ள வேண்டும். வெவ்வேறு ஊரில் இருக்கும் இரண்டு டாக்டர்களைப் பேச வைப்பது யார்? நோயாளியின் தாயார்தான், கையில் மஞ்சள் பையோடு, பழைய சீட்டுகளைச் சுமந்து கொண்டு நடக்கிறார்.

செம்பு இறங்கினால் மனமும் பலருக்குத் தெளிகிறது. ஆனால் எல்லோருக்கும் முழுவதும் தெளிவதில்லை. வியாதி தின்ற ஆண்டுகள் திரும்பி வருவதில்லை. கூடப் படித்தவன் குழந்தையோடு வருகிறான். தனக்குக் கல்யாணப் பேச்சு இல்லை. பேச்சு குழறுவதால் டீக்கடையில் நாலு பேர் முன் வாய் திறக்கக் கூச்சம். "ஆயுள் முழுவதும் மாத்திரையா?" என்ற ஏக்கம் வேறு. இந்தச் சோகம் செம்பினால் வந்ததா, வாழ்க்கையினால் வந்ததா? எதனால் வந்தாலும் சோகம் சோகம்தான். அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும். மனம் சோர்ந்தவன்தான் மாத்திரையை முதலில் நிறுத்துகிறான்.

குழந்தைக்கு வியாதி என்றால் இடுப்பில் தூக்கிக் கொண்டு ஓடுகிறோம். 25 வயது ஆண் மகனை யார் தூக்கிக் கொண்டு ஓடுவது? "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அவன் சொன்னால், கையைப் பிடித்து இழுக்க முடியுமா? பெரியவர்களுக்கு வரும் அபூர்வ வியாதியில் இது பெரிய தொல்லை.

மதுரை பஸ்

கரிசல் காடு. மழையை நம்பிய வெள்ளாமை. பருத்தி, மிளகாய், மல்லி, குதிரைவாலி. மழை பொய்த்தால் கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுட வேண்டியதுதான். அருப்புக்கோட்டையில் தறி ஓடினால் கூலி. ஓடாவிட்டால் இல்லை.

ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று திருச்சுழியை வெளிநாட்டாருக்கும் தெரியும். ஆனால் அங்கே உள்ள ஓர் ஏழை, நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் நெடுங்காலமாக மதுரைக்குத்தான் பஸ் ஏறி வந்தார். அருப்புக்கோட்டையில் இருந்தே மதுரை சுமார் 50 கிலோ மீட்டர். நோயாளி ஒருவர், துணைக்கு ஒருவர். இரண்டு பேர் கூலி போயிற்று. பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு. "அடுத்த வாரம் வாருங்கள்" என்றால் மறுபடி அதே செலவு. கோடாங்கியோ பக்கத்துத் தெருவில் இருக்கிறார். வீட்டுக்கே வருகிறார். தாயாரின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்கிறார். ஜனங்கள் ஏன் அவரிடம் போகிறார்கள் என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இன்னொரு வழியும் இருந்தது. ஏர்வாடி.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தாரும் மனநோயாளிகளை அழைத்துப் போவது பழைய வழக்கம். விருதுநகர் மாவட்டம் 1985-ல் தனியாகப் பிரிவதற்கு முன், அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அதே ராமநாதபுரம் மாவட்டம்தான். தர்காவைச் சுற்றித் தனியார் விடுதிகள் முளைத்தன. நோயாளியை அங்கே விட்டு விட்டு, மாதப் பணம் அனுப்பினார்கள் வீட்டார்.

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை. அப்படி ஒரு விடுதியில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

நாடு துடித்தது. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்தது. அந்த விடுதிகள் மூடப்பட்டன. அந்த 28 பேரில் யாருக்கு என்ன வியாதி? யார் கண்ணிலாவது அந்த வளையம் இருந்ததா? இனி யாராலும் சொல்ல முடியாது.

மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது இன்று சட்டப்படி தடை. 2017-ல் நிறைவேறி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அரசாங்கத்திடம் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. பிச்சை அல்ல, உரிமை.

இப்போது எங்கே போவது?

நிலைமை முன்போல் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் மன வியாதி என்றால் சென்னைக் கீழ்ப்பாக்கம்தான். 1794-ல் தொடங்கிய வரலாறு அந்த ஆஸ்பத்திரிக்கு உண்டு. திருச்சுழிக்காரர் கீழ்ப்பாக்கத்துக்கு எப்படிப் போவார்? 1997-ல் திருச்சி மாவட்டத்தில் மாவட்ட மனநலத் திட்டம் ஆரம்பமாயிற்று. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. இந்தத் திட்டத்து மன டாக்டர் மாவட்டத் தலைநகரத்தில் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார். மாத்திரை இலவசம். எந்தக் கிழமை வருகிறார் என்பதை அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் இடத்தில் கேட்டால் சொல்வார்கள்.

விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அருப்புக்கோட்டையில் இருந்து 20 கிலோ மீட்டர்தான். அதற்கு மேலும் தேவைப்பட்டால் மதுரைப் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று அந்தக் காலத்தார் சொல்வார்களே, அதே அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிதான். அங்கே நரம்புக்கும் டாக்டர்கள் உண்டு, மனதுக்கும் உண்டு. ஒரே மதிலுக்குள் இரண்டு பேரும் இருப்பது இந்த வியாதிக்காரர்களுக்குப் பெரிய வசதி.

டெலிபோனில் பேசவும் வழி இருக்கிறது. 14416 என்ற எண்ணைச் சுற்றினால் போதும். பகலோ இரவோ, தமிழில் பேசலாம். பணம் இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை இது. நோயாளி மட்டும் அல்ல, அவரைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்து போன தாயாரும் பேசலாம். உயிரை விடும் எண்ணம் வந்தவர்கள் உடனே பேச வேண்டும்.

ஆனால் மாத்திரைதான் இன்னும் தொல்லை. தூக்க மாத்திரையும் காய்ச்சல் மாத்திரையும் எல்லா மருந்துக் கடையிலும் உண்டு. பெனிசிலமின் சின்ன ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டும். இருக்கும் மாத்திரை தீர்ந்த பிறகு தேடினால், இடையில் பல நாள் வெறும் வயிறுதான். ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டிய மருந்து, தாலுகா ஆஸ்பத்திரியிலேயே மாதந்தோறும் கிடைக்க வேண்டாமா? அரசாங்கம் இதைக் கவனிக்க வேண்டும்.

டாக்டரிடம் என்ன சொல்வது?

மனக் கோளாறு உள்ள எல்லோருக்கும் செம்பு வியாதி என்று எண்ணி விடக் கூடாது. ஆயிரம் மனநோயாளிகளைப் பார்த்தாலும் ஒருவருக்குக் கூட இது இல்லாமல் இருக்கலாம். ஆனால் சில அடையாளங்கள் சேர்ந்து இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

வாலிப வயதில் குணம் மாறியிருக்கிறது. கூடவே கை நடுக்கமோ, பேச்சுக் குழறலோ, எச்சில் வழிதலோ இருக்கிறது. அல்லது, முன்பு காரணம் தெரியாத மஞ்சள் காமாலை வந்து போயிருக்கிறது. அல்லது, கூடப் பிறந்த அண்ணனோ அக்காளோ இளம் வயதில் காமாலையில் இறந்திருக்கிறார்கள். இப்படி இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்களா என்பதையும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் வெட்கப்பட்டு இதை மறைத்து விடுகிறார்கள்.

சோதனை பயப்படும்படி ஒன்றும் இல்லை. முதலில் கண். "ஸ்லிட் லாம்ப்" என்ற விளக்குக் கருவியின் முன் தாடையை வைத்து உட்கார வேண்டும். வலி இல்லை. சில நிமிஷத்தில் முடிந்து விடும். வளையம் இருந்தால் தெரிந்து விடும். மூளை பாதித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வளையம் இருக்கும். கல்லீரல் மட்டும் பாதித்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு வளையம் இல்லாமலும் இருக்கலாம். அதனால் ரத்தமும் பார்ப்பார்கள். 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து வாங்கி, அதில் எவ்வளவு செம்பு என்றும் பார்ப்பார்கள்.

தென் மாவட்டங்களில் கண் வைத்தியத்துக்குக் குறைவு இல்லை. கரிசல் சீமையில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அதன் பிறகு கண் முகாம் என்றால் கிராமத்து ஜனங்களுக்குப் பயம் போய் விட்டது. "கண்ணைக் காட்டி வரலாம் வா" என்றால் மகன் வருவான். "மன டாக்டரிடம் வா" என்றால் வர மாட்டான். கண்ணில் தொடங்குவது ஒரு விதத்தில் நல்ல வழிதான்!

ஒருவருக்கு வியாதி உறுதியானால் அவரோடு வேலை முடியவில்லை. கூடப் பிறந்த எல்லோரையும் சோதிக்க வேண்டும். கல்யாணம் ஆகிப் போன அக்காளையும் கூட. அவர்களுக்கு நடுக்கம் இல்லை, காமாலை இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார்கள். இருந்தாலும் 4-ல் 1 பங்கு வாய்ப்பு இருக்கிறது. கெடுதல் தொடங்குவதற்கு முன்பே மாத்திரை தொடங்கி விட்டால், அவர்கள் மற்றவர்களைப் போலவே வாழலாம். வேலை செய்யலாம். கல்யாணம் செய்யலாம். டாக்டர் மேற்பார்வையில் பிள்ளையும் பெறலாம்.

"நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு ரத்தம் எடுக்கணும்?" என்று வீட்டில் கேட்பார்கள். "சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?" என்றும் பயப்படுவார்கள். அந்தப் பயத்தில் தங்கையின் சோதனை தள்ளிப் போகிறது. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு என்று தள்ளிப் போகிறது. செம்பு அதற்காகக் காத்திருப்பதில்லை.

ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்களைக் கண் டாக்டர் ஆண்டுதோறும் அதே விளக்கின் முன் உட்கார வைத்துப் பார்க்கிறார். பழுப்பு வளையம் சிறிது சிறிதாக மங்கிக் கொண்டு வருகிறது. சில ஆண்டுகள் போனால், பலருடைய கண்ணில் அது இருந்த இடமே தெரிவதில்லை.